பாவருவியின் தனிக் கச்சேரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடவும் பிள்ளைகளின் மார்க் அட்டையில் கையெழுத்துப் போடவும்தான். மறதி வேறு. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியை மத்தியானம் வரைக்கும் தேடுகிறேன். இந்த லட்சணத்தில் அந்தக் காலத்துக் கதையை எழுதினால் முன்னே பின்னேதான் வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வைத்தது ஒரு தம்பி. என் வீட்டுக்காரர் பாட்டு எழுதினதைப் பற்றி அவர் புத்தகம் போடுகிறாராம். பொம்மிடிக்கு வந்து, செல்போனை என் முன்னால் வைத்துவிட்டு, "அய்யாவோட தனிப் பயணத்தைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். தனிப் பயணம் என்றால் காசிக்கா ராமேஸ்வரத்துக்கா என்று எனக்குப் புரியவில்லை. அவர் போனதெல்லாம் அரூர், கடத்தூர்தான், அதுவும் என்னையும் இழுத்துக்கொண்டு. பிறகு அந்தத் தம்பியே விளக்கினார். கிடார் கோஷ்டியோடு இருந்தபோது எழுதினதெல்லாம் சும்மா கேளிக்கையாம். கோஷ்டியை விட்டு வெளியே வந்து தனியாகப் பாடினாரே, அதுதான் உச்சமாம். உச்சம் என்று சொல்லும்போது தம்பி கண்ணை மூடிக்கொண்டார். புத்தகம் வெளியிடுகிற அன்றைக்கு என்னை மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேச வைக்க வேண்டுமாம்.

எனக்கு மேடை ஆகாது. ஏன் ஆகாது என்று சொன்னால் அந்த உச்சம் என்ன உச்சம் என்றும் தெரிந்துவிடும். பேச வராது தம்பி, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் பிறந்தது இண்டூர். சின்ன வயசிலிருந்தே கூச்சம். கடையில் நாலு பேர் நின்றால் வாங்காமலே திரும்பி வந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்து தனி ஜில்லா ஆன புதுசில் என்னைப் பொம்மிடியில் கொடுத்தார்கள். ஜில்லா தனியாகப் போனதில் நாலு ஆபீஸாவது வந்தது. பின்னால் என் வீட்டுக்காரரும் தனியாகப் போனார். அதில் என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அவருக்கு ஸ்டேஷனுக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வூடு. வூட்டில் மாமியார், கொழுந்தனார், நாங்கள். அவர் பஞ்சர் ஒட்டுவார், செயின் போடுவார். எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்கிற வேலை சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பது. கோணிப்போன சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுற்றிவிடுவார். கோணல் உரசுகிற இடத்தில் மட்டும் சர்ரு, சர்ருன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கம்பியை முறுக்குவார். முறுக்கும்போது வாய்க்குள் எதையாவது முணுமுணுப்பார். கல்யாணமான புதுசில் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சட்டைக்காரப் பையன்கள், அதான் ஆங்கிலோ இந்தியப் பையன்கள், லீவு நாளில் பாசஞ்சரில் வந்து இறங்குவார்கள். எங்கள் கடையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு மீன் பிடிக்கப் போவார்கள். அதில் நெட்டையாக ஒருவர் முதுகில் கிடாரை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். அவர்களுக்கு ஒரு கோஷ்டி இருந்தது. கிடார் ரெண்டு, டிரம்ஸு ஒன்று, பாடுவதற்கும் நெட்டைக்காரரே. ரயில்வே டான்ஸுக்கு இங்கிலீஷ் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தவர்களை நம் ஆட்களும் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், புதுசாக இருக்கிறதே என்று. ஆனால் கல்யாணப் பந்தலில் இங்கிலீஷ் பாட்டுக் கேட்டுப் பெரியவர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். சினிமாப் பாட்டு இவர்கள் வாயில் நுழையவில்லை. நெட்டைக்காரர் அந்தக் குறையை எங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்டு எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மெட்டை வாசி, நான் வார்த்தை போடுகிறேன் என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நெட்டைக்காரர் கிடாரைத் தட்டி லல்லல்லா என்று பாடுவார். இவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அந்தச் சர்ருக்கும் அந்த லல்லல்லாவுக்கும் நடுவில் வார்த்தையைச் செருகுவார். சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் கம்பி முறுக்குகிற மாதிரியேதான். ஒரு வார்த்தை இறுக்கமாக இருந்தால் தளர்த்துவார், தளர்ந்திருந்தால் இறுக்குவார். சக்கரம் நேராகிறபோது பாட்டும் முடிந்திருக்கும். பொய் சொல்லக் கூடாது, அதில் அவர் கெட்டிக்காரர். எங்கள் ஸ்டேஷன் கேட்டில் கூட்ஸு வண்டி குறுக்கே நின்றால் மணிக்கணக்காக நிற்கும். அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணை இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் பார்த்துக்கொண்டு நிற்பான், நடுவில் வண்டி வந்துவிடும். அதை வைத்து ஒரு பாட்டு.

கூட்ஸு வண்டி நீளம் – நான்
காத்திருந்த நேரம் நீளம்
கேட்டு தொறந்து பாத்தா – அங்க
அவ நின்ன எடம் காலி

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மொரப்பூரிலிருந்து சேலம் வரைக்கும் கல்யாண வீட்டில் இதைப் பாடாமல் விடமாட்டார்கள். கேட் கீப்பர்கூட கேட்டைத் தூக்கும்போது கடைசி வரியைப் பாடுவார். நானும் மாவாட்டும்போது பாடுவேன், யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்.

கெடுத்தது ஒரு நாற்காலி. கச்சேரிக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இவருக்கு வாசிக்கத் தெரியாது, பாடினால் பக்கத்தில் இருக்கிறவர் நகர்ந்து உட்காருவார். அதனால் மேடையில் ஒரு மூலையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா வந்து, இவரு என்னா வாசிக்கிறாரு என்று கேட்டிருக்கிறார். டிரம்ஸுக்காரர் வாயில் சிகரெட்டோடு, "அவுரு ஒண்ணியும் வாசிக்கல. ஒக்காந்துனுகீறாரு" என்றாராம். சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் இவரை லைட்டுக்காரர்களோடு உட்கார வைத்தார்கள். லைட்டுக்காரர்கள் மட்டும் மனிதர்கள் இல்லையா. ஆனால் இவருக்கு அது மனசில் முள் மாதிரி தைத்துவிட்டது. வூட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வாசிக்கிறவனுக்குச் சத்தம், பாடுகிறவனுக்குக் கைத்தட்டு, எழுதினவனுக்கு மடக்கு நாற்காலியா என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத் தர்மபுரியில் ஒரு மன்றத்தார் இவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு மன்றம், ஆளுக்கு ஆள் பட்டம். அதில் ஒரு புலவர், பாட்டுக்கு உயிர் சொல்தான், இசை வெறும் சட்டை என்று ரொம்ப நேரம் பேசி, துண்டு போர்த்தி, இவருக்குப் பாவருவி என்று பட்டம் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் இவர் பட்டத்தை மாமியாரிடம் சொன்னார். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "அருவின்னா ஒகேனக்கல்ல கொட்டுதே, அதானே சாமி? கிட்டப் போனா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்றோடு கோஷ்டிக்கு முழுக்கு. நெட்டைக்காரர் ரெண்டு தரம் ரயிலேறி வந்து கூப்பிட்டுப் பார்த்தார். புது மெட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். இவர் உள்ளேயிருந்து வெளியில் வரவே ரொம்ப நேரம் ஆனது. வந்ததும் அவரிடம் சொன்னது இதுதான்: "பாட்டுன்னா வார்த்தை. மத்ததெல்லாம் சத்தம்." பாவம் அந்த மனுஷன், கிடாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இனி உச்சத்துக்கு வருகிறேன்.

பாவருவி ஆனபின் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்றார். கையில் கிரீஸ் கறை இருந்தால் மேடைக்கு அழகில்லையாம். கடை கொழுந்தனார் கைக்குப் போனது. இவர் கட்டிலில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கேட்டு, கூட்ஸு, சைக்கிள், புளியமரம் எல்லாம் போய்விட்டது. ஏகாந்தம், அகண்டம், வெறுமை, இப்படி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள், ஏகாந்த வெளியில் என் மௌனம் முழங்கும் என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். மௌனம் எப்படிங்க முழங்கும் என்று கேட்டேன். உனக்குப் புரியாது என்றார். அது நிஜம். இன்றைக்கும் புரியவில்லை. அந்தத் தம்பிக்குப் புரிந்திருந்தால் சந்தோஷம்.

இதற்கு மெட்டு என்று ஒன்று கிடையாது. நேற்று ஒரு மாதிரி இழுத்ததை இன்றைக்கு வேறு மாதிரி இழுப்பார். கூட யாரும் வாசிக்கக் கூடாது, சுருதிப் பெட்டி மட்டும் போதும் என்றார். பஜனைக்குப் பெட்டி போடுகிற பெரியவர் ஒருவரை வைத்தார். அவர் கொஞ்ச நாளில் பெட்டியை எங்கள் வூட்டிலேயே விலைக்குக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். போகும்போது என்னிடம், "பெட்டி இருந்த எடத்துலயே இருக்குதும்மா. ஐயாதான் எங்கயோ போயிடறாரு. நான் எங்கன்னு போயித் தேடறது?" என்றார்.

அப்புறம் யார் அகப்படுவார்கள். நான்தான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். பலகையைத் தள்ளித் தள்ளி வுடு, அது பாட்டுக்குக் கத்தும்" என்றார்.

"நாலு பேரு பாப்பாங்களேங்க."

"என்னைத்தான் பாப்பாங்க. உன்னை எவன் பாக்கறான்?"

அதை அவர் வாக்குக் கொடுத்த மாதிரி நம்பினேன். ஆனால் பார்த்தார்கள். இவர் பாட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே. பெண்கள் பக்கம் முழுக்க என் புடவையையும் தோட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பெட்டியைத் தவிர வேறெங்கும் கண்ணைத் தூக்க மாட்டேன். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வூட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் தடவிக்கொள்வேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் படிப்பகம் திறந்தார்கள், போனோம். கடத்தூரில் ஒரு திருவிழா, போனோம். கடத்தூரில் இவருக்குக் கொடுத்த நேரம் எது தெரியுமா? நாடகக்காரர்கள் அரிதாரம் பூசி முடிக்கிற வரைக்கும். அவ்வளவுதான் கமிட்டிக்காரர்கள் சொன்னது. அகண்டத்தில் பாதி போய்க்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ராஜா வேஷக்காரர் தலையை நீட்டி, மீசை காய்ஞ்சிடுச்சுங்க என்றார். இவர் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்வார். அர்த்தம் பாட்டைவிட நீளம், கூட்ஸு வண்டியைவிட நீளம். அர்த்தம் முடிகிறபோது முன்வரிசையில் பாதிப் பேர் பீடி பற்ற வைக்கப் போயிருப்பார்கள்.

கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். எந்த ஊரானாலும் ஒரே பாட்டைத்தான் கேட்பார்கள், கூட்ஸு வண்டி பாடுங்க என்று. இவர் படித்துப் பார்த்து, மடித்து, ஜிப்பா பைக்குள் போட்டுக்கொள்வார். ரசனை வளர வேண்டும் என்று மைக்கில் சொல்வார். நான் ஒரு தரம் வரும் வழியில், அவர்கள் கேட்கிறார்களே, ஒரு தரம் பாடினால் என்னங்க என்று கேட்டேன். அது கும்பலுக்கு எழுதினது என்றார். கும்பலில்லாமல் யாருக்குப் பாடுகிறார் என்று நான் கேட்கவில்லை. வூட்டில் சண்டை வேண்டாம் என்றுதான்.

பெட்டி தள்ளுவதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தர்மபுரியில் பொருட்காட்சி போட்டார்கள். அதில் இவருக்குச் சாயங்காலம் நேரம் கொடுத்தார்கள், இவருக்கு அடுத்ததாக ஜோலார்பேட்டை கோஷ்டி. நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து காட்டினார். பெரிய எழுத்தில், பாவருவியின் தனிக் கச்சேரி. அதற்குக் கீழே, பின்பாட்டு: அவர்தம் துணைவியார். பெயரைப் போடவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். தனிக் கச்சேரிக்குப் பின்பாட்டு எதற்கு என்று கேட்டேன். தனிமையின் எதிரொலியாம். அந்தப் புலவர் யோசனை சொன்னாராம்.

"நான் பாட மாட்டேங்க."

"நாலு வரிதான். நான் பாடறதையே திருப்பிச் சொல்லப் போற."

"முடியாதுங்க. எங்க ஊரு சனமெல்லாம் பொருட்காட்சிக்கு வரும். எங்கண்ணன் வருவாரு."

"வரட்டும். உங்கண்ணனும் கேட்டு வளரட்டும்."

நான் அவ்வளவு பேசினதே எனக்கு அதிகம். அவர் நான் சரி என்று சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எழுந்து நின்று, மைக்குக்கு முன்னால், இண்டூர் ஜனம் பார்க்க, மௌனம் முழங்கும் என்று நான் பாட வேண்டும். அதைவிடக் கிணற்றில் குதிப்பது சுலபம் போலத் தோன்றியது. மாமியாரிடம் போய், நீங்களாவது சொல்லுங்க அத்தை என்றேன். மாமியாருக்கு என்மேல் இரக்கம்தான். ஆனால், "அவன் காதுல ஏறாதும்மா. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். சக்கரம் சுத்தறப்பத்தான் அவனுக்குக் காது இருக்குது" என்று சொல்லிவிட்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருட்காட்சிக்குப் போன அன்றைக்கு வெயில் இன்னும் இறங்கவில்லை. ராட்டினம், பலூன் கடை, வளையல் கடை, பெரிய அப்பளம், எல்லாம் இருந்தது. மேடைக்குப் பின்னால் தடுப்பு ஓரம் நெட்டைக்காரர் கிடாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா அக்கா, மூஞ்சி இப்டி இருக்குது?"

பாடச் சொல்கிறார் என்றேன். அதற்குள்ளேயே அழுகை வந்துவிட்டது.

"பயப்படாத அக்கா. மாஸ்டர் அர்த்தம் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஜனம் அப்பளம் துன்னப் பூடும். காலி நாற்காலிக்குப் பாடு" என்றார்.

எங்கேயும் போகவில்லை ஜனம். அடுத்தது கோஷ்டி என்று இடம் பிடித்துக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் என் அண்ணன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

இவர் ஜிப்பாவும் துண்டுமாக மைக்குக்கு முன்னால் நின்றார். நான் அவருக்குப் பின்னால் பாயில், பெட்டியோடு. முதல் பாட்டு வெறுமை. ரெண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் நான் தெரியாத்தனமாகக் கண்ணைத் தூக்கிவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசி, கையை எடுத்து முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். கையை எடுத்ததும் பெட்டி மெதுவாக இறங்கி நின்றுபோனது.

தொலைந்தேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்து முறைப்பார், எல்லோரும் பார்ப்பார்கள். கையை மறுபடியும் பலகைமேல் வைத்தேன், ஆனால் தள்ள வரவில்லை. அவர் திரும்பவில்லை. பாடிக்கொண்டே இருந்தார். அடுத்த வரி போனார். இழுத்தார். சுருதி இருந்தபோது எப்படியோ அப்படியே, கொஞ்சமும் வித்தியாசமில்லாமல். இத்தனை மாசமாக நான் கழுத்து வலிக்கத் தள்ளிக்கொண்டிருந்த பெட்டியை அந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமியார் சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. சக்கரம் சர்ருன்னா கேட்கும், கிடார் எதிரில் உட்கார்ந்து லல்லல்லா என்றால் கேட்கும். தன் தொண்டை திறந்துவிட்டால் வேறு ஒன்றும் கேட்காது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ரொம்ப அபூர்வம், அதனால் தேதி மறந்தாலும் கோபம் மறக்கவில்லை. பெட்டியை மூடினேன். கொக்கியை மாட்டினேன். பாயைவிட்டு எழுந்து, குனிந்தபடியே பின்னால் இருந்த மரப்படியில் இறங்கிவிட்டேன். நெட்டைக்காரர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தடுப்பை விலக்கி வழிவிட்டார். சுற்றிப் போய் வளையல் கடை ஓரம் பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டேன்.

பாட்டை முடித்தார். எதிரொலி என்றால் என்ன என்று அர்த்தம் சொன்னார். மலையைச் சொன்னார், குகையைச் சொன்னார், ஆத்மாவைச் சொன்னார். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் பின்னால் பாய் காலியாக இருப்பது தெரிகிறது, அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. கடைசியில், "என் ஏகாந்தத்தின் எதிரொலியாக இப்போது என் துணைவியார்…" என்று கையை நீட்டித் திரும்பினார்.

பாயும் பெட்டியும்தான் இருந்தது.

ராட்டினம் கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. நீட்டின கையை மடக்காமல் அப்படியே நின்றார். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ ஒருவர், நிதானமாக, ராகம் போட்டு,

"கேட்டு தொறந்து பாத்தா…" என்றார்.

மொத்த ஜனமும் எடுத்துக்கொண்டது. அவ நின்ன எடம் காலி, அவ நின்ன எடம் காலி என்று நாற்காலியைத் தட்டிக்கொண்டு பாடுகிறார்கள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்து முழுப் பாட்டையும் ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார்கள். அப்பளக் கடைக்காரர் பாடுகிறார். போலீஸ்காரர் பாடுகிறார். என் அண்ணன் தொடையில் தாளம் போடுகிறார். எழுதின மனுஷன் மேடையில் நிற்கிறார், ஊர் முழுக்க அவர் பாட்டைப் பாடுகிறது. வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? ரெண்டு கையையும் தூக்கி, "அமைதி, அமைதி. தயவுசெய்து அமைதியா இருங்க" என்று மைக்கில் கத்தினார். தன் பாட்டை நிறுத்தச் சொல்லி ஊரைக் கெஞ்சின பாட்டுக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதுதான் உச்சம், தம்பி. எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் பாடினேன். கூட்டத்துக்குள் நின்றால் எனக்குக் கூச்சமே இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, நல்லாப் பாடற புள்ள என்றார். இவர் கேட்ட பின்பாட்டை அன்றைக்கு நான் பாடத்தான் செய்தேன். அவர் வைத்த இடத்தில் நின்று பாடவில்லை, அவ்வளவுதான்.

பிறகு டிரம்ஸுக்காரர் ஏறி உட்கார்ந்து தாளத்தைப் பிடித்துக்கொண்டார், கோஷ்டி ஏறியது, இவர் இறங்கினார். அண்ணன் என்னைத் தேடி வந்து கடலை வாங்கிக் கொடுத்து, "மாப்பிள்ளை நல்லாத்தானே எழுதியிருக்காரு, ஏன் வேணாங்கறாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் கேட்டார்.

"சுருதி எப்ப நின்னுச்சு?"

"ரெண்டாவது பாட்டுலங்க."

"யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா?"

"உங்களுக்கே தெரியலியேங்க."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பொம்மிடி வருகிறபோது கும்பல் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அது போதும்.

அதற்கப்புறமும் தனிப் பயணம் கொஞ்ச காலம் நடந்தது, பெட்டியில்லாமல். கூப்பிடுகிறவர்கள் குறைந்து, பட்டம் கொடுத்த மன்றமே கூப்பிடாமல் விட்டுவிட்டது. அந்தப் புலவர் வேறு யாருக்கோ வேறு அருவி கொடுக்கப் போயிருப்பார். புத்தி வந்து இவர் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினபோது நெட்டைக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார், டிரம்ஸுக்காரருக்கு வடக்கே மாற்றல். போன பாசஞ்சரிலேயே திரும்பி வந்தார். மறுநாள் ஜிப்பாவைக் கழற்றிவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பெண்டு எடுக்கும்போது மறுபடியும் முணுமுணுப்பார். ஆனால் எதிரில் உட்கார்ந்து மெட்டைக் கொடுக்க ஆளில்லை. என்னங்க அது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார். போய்ச் சேர்கிற வரைக்கும் அப்படித்தான். சுருதிப் பெட்டியின்மேல் மாமியார் உப்பு ஜாடி வைத்திருந்தார்.

தம்பி, இதை நீங்கள் புத்தகத்தில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. மேடையில் எனக்கு நாற்காலி வேண்டாம். சால்வையும் வேண்டாம். நான் வருகிறேன், கடைசி வரிசையில் பெண்களோடு நின்றுகொள்கிறேன், யாராவது அந்தக் கூட்ஸுப் பாட்டை எடுத்தால் நானும் பாடுகிறேன். இவர்தான் அவர் சம்சாரம் என்று மட்டும் யாரும் கை காட்டக் கூடாது. அவருடைய தனிப் பாட்டுகளையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். மேலே எழுதின ஒரு வரியைத் தவிர எனக்கு ஞாபகமில்லை. இன்னொன்று. பொருட்காட்சி தையிலா மாசியிலா, நான் எழுந்து போனது ரெண்டாவது பாட்டிலா மூன்றாவதிலா, கூட்ஸுப் பாட்டை முதல்முதலாகப் பாடினது மொரப்பூர் கல்யாணத்திலா கடத்தூர் கல்யாணத்திலா, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. நெட்டைக்காரரோ அவர் பிள்ளைகளோ ஆஸ்திரேலியாவில் இருந்தால் விசாரித்து, நான் தப்பாக எழுதினதை யாராவது சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.